தையலறைச் செடி

யார் சொன்னாலும் என் கணவருக்குக் காதில் ஏறும்; நான் சொன்னால் மட்டும் ஏறாது. இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் இருபது வருட வேலை. கருவி காட்டாத எதையும் நம்ப மாட்டார். கருவிக்குக் கழுத்து இருந்திருந்தால் அதைத்தான் கட்டியிருப்பார்.

அவருடைய உயிர் ஒரு செடியில் இருந்தது. கரும்பச்சை இலை, வெள்ளை நரம்பு, மேலெல்லாம் வெல்வெட்டு மாதிரி மினுமினுப்பு. விரல் பட்டால் தடம் விழும். கொடுத்த நண்பர் இறந்துவிட்டார். வேறு யாரிடமும் இந்த வகை கிடையாது.

எட்டு வருடம் என் தையலறையில் நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் எதையோ படித்துவிட்டு வந்து, "உன் இஸ்திரிப் பெட்டி ஆவி இதுக்கு ஆகாது" என்று படுக்கையறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே இரவெல்லாம் ஏசி ஓடும். இரண்டே மாதம், நான்கு இலையில் மூன்று சருகாகிவிட்டன.

"அந்த ஈரக்காத்துலதாங்க இது வாழ்ந்துச்சு. பழைய இடத்துலயே வையுங்க."

"உனக்கு என்ன தெரியும்?"

அன்றைக்கு வந்த கோபத்தில் ஒரு சட்டைக்கு இடக்கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன்.

மூன்றாவது இலை விழுந்த அன்று மனிதர் சாப்பிடவே இல்லை. எவ்வளவு வீம்பு பிடித்தவராக இருந்தாலும் எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் தொட்டியைத் தையலறைக்குத் தூக்கி வந்தேன். ஐந்தரைக்கு அவர் வருவார். ஐந்தே காலுக்கெல்லாம் அதே இடத்தில், அதே பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். தினமும் இதே வேலைதான். திருடன்கூட இவ்வளவு ஒழுங்காக வேலை செய்ய மாட்டான்.

மூன்றாம் வாரம் குருத்து விட்டது. பத்து நாளில் இலை விரியத் தொடங்கியது, நனைந்த காகிதம் போல.

"ஏசி பழகிடுச்சு, பாத்தியா?" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அந்தப் பதத்தில் தொட்டியை அசைக்கக் கூடாதுதான். ஆனால் பகலிலும் அந்த வறண்ட அறையிலேயே விட்டால் விரிவதற்கு முன்பே சுருண்டுவிடும். தூக்கிப்போகும்போது எங்காவது உரசினால் கிழியும். கதவு வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்தேன்.

அன்று அளவு கொடுக்க வந்த ஒருத்தி ஊர்க்கதையெல்லாம் பேசி நேரத்தை இழுத்துவிட்டாள். அவளை அனுப்பிவிட்டுத் தொட்டியைத் தூக்கும்போதே ஐந்து இருபத்தெட்டு. படுக்கையறைக் கதவில் நுழைகிறேன், வாசலில் சாவி திரும்பும் சத்தம். பதறியதில் தோள் கதவு நிலையில் இடித்தது. புதிய இலை நிலையில் உரசி, ஓரத்திலிருந்து நடு நரம்பு வரை கிழிந்துபோனது.

அவர் உள்ளே வந்து கிழிசலைப் பார்த்துவிட்டார். கத்துவார் என்று காத்திருந்தேன்.

"மெதுவா கீழ வை."

"திட்டுறதுன்னா திட்டிடுங்க."

"நீ தினமும் மாத்தி வைக்கிறது தெரியும். ரெண்டாம் நாளே தொட்டியில சிவப்பு நூல் கிடந்துச்சு."

எனக்குப் புரியவில்லை. அவர் செடிக்கென்று வைத்திருக்கும் நோட்டை எடுத்து நீட்டினார். ஒவ்வொரு தேதிக்கும் ஒரே வரி: காலை தையலறை, மாலை படுக்கையறை. குருத்து விட்ட தேதியில் மட்டும் இன்னொரு வரி இருந்தது: தையலறையே நல்லது.

"தெரிஞ்சும் என்னைச் சுமக்க விட்டீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இது அங்கயே இருந்திருக்கும். கிழிஞ்சிருக்காது."

"சொன்னா நான் செஞ்சது தப்புன்னு ஆயிடுமே."

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அத்தனையும் கோபம். துணி என்றால் தைத்திருப்பேன். இலையை என்ன செய்வது? பேனாவை எடுத்து அவர் கையில் திணித்தேன்.

"இன்னைக்கு நடந்ததை எழுதுங்க."

நோட்டில் அன்றைய தேதியைப் போட்டார். பிறகு எழுதினார்: இலை கிழிந்தது. காரணம், நான் வாயைத் திறக்காதது.

தொட்டியை அவரே தூக்கினார். கதவில் பக்கவாட்டில் திரும்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தையலறை ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்தார். நான் அங்கேயே நின்றேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இந்த இஸ்திரிப் பெட்டிக்குத் தண்ணி எங்க ஊத்தணும்?"