பொருத்திய நிலையில் கண்ட வரை

"கல்லைக் கழட்டிக் காட்டுங்க."

சொல்லிவிட்டேன். வேலையில் சேர்ந்த முதல் நாளே முதலாளி லுட்கார்ட் மேடம் எச்சரித்திருந்தார். காபியைக் கொட்டு, பரவாயில்லை. கல்லைக் கீழே போடு, குனிந்து தேடிக்கொள்ளலாம். விற்க வந்தவரிடம் மட்டும் மோதிரத்திலிருந்து கல்லைக் கழற்றச் சொல்லாதே. ஆன்ட்வெர்ப்பில் எங்கள் வைர வியாபாரத் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: நீ திருடன்.

பூபத்பாய் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். குஜராத்தில் பாலன்பூர்க்காரர், மேடத்துக்கு முப்பது வருடமாகக் கல் கொண்டுவருகிறவர்.

"என்னம்மா சொன்ன?"

"முனையைப் பார்க்கணும். தங்கத்துக்கு அடியில இருக்கு."

"கஸ்டம்ஸ்காரன்கூட என்னை இப்படிக் கேட்டதில்ல."

"கஸ்டம்ஸ்காரன் காசு குடுத்து வாங்கப் போறதில்லையே."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

அதற்கு முன் அரை மணி நேரம் வடக்கு ஜன்னலோரம் அந்த மோதிரத்தோடு உட்கார்ந்திருந்தேன். பேரிக்காய் வடிவ வைரம். மூன்று காரட்டுக்கு மேல் ஒரு துளி, அவ்வளவுதான். வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்து நிறம் பார்த்தேன். இரண்டு தோளும் ஒரே சரிவு. நீளம் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு, குட்டையுமில்லை, ஒட்டடைக்குச்சியுமில்லை. இந்த வடிவத்துக்கு நடுவில் குறுக்காக ஒரு இருட்டு விழும், கழுத்தில் கட்டும் போ-டை மாதிரி. பல கற்களில் அது செத்துக் கிடக்கும். இதில் லேசாக ஆட்டினாலே கலைந்து போனது. நல்ல கல்.

ஆனால் பேரிக்காய்க்கு உயிர் முனையில். அடி பட்டால் முதலில் போவது அதுதான் என்பதால் அம்பு நுனி மாதிரி வளைத்த தங்கக் கொக்கியால் அதை மூடுவார்கள். கொக்கி காப்பாற்றவும் செய்யும், மறைக்கவும் செய்யும். இந்தக் கொக்கியின் விளிம்பிலிருந்து மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு எட்டிப் பார்த்தது. லென்ஸில், ஒரே ஒரு கோணத்தில். சான்றிதழில் அப்படி எதுவுமில்லை. சான்றிதழ் எட்டு வருடம் பழசு, கல்லை மோதிரத்தில் பொருத்துவதற்கு முன்னால் எழுதியது.

பத்து நாளைக்கு முன்னால் என்றால் நானும் கழற்றச் சொல்லிக் கேட்டிருக்க மாட்டேன்.

பத்து நாளைக்கு முன்னால் அன்னிக் வந்தாள். மெக்கலனில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுக்கிறவள். இரண்டு வருடம் முன்பு எங்களிடம் இதே வடிவத்தில் ஒரு கல் வாங்கினாள். அந்த மோதிரத்துக்கு அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டது நான். இப்போது முனை கொக்கியோடு உடைந்திருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். உடைந்த முகத்தில் பாதி பளிச்சென்று புதுசு. மீதிப் பாதியில் அழுக்கேறிப் பழுப்பு நிறம். அவள் வாங்கும்போதே விரிசல் உள்ளே இருந்திருக்கிறது.

"மன்னிச்சிடுங்க," என்றாள் அன்னிக். "நான்தான் எங்கயோ இடிச்சிருக்கணும். நீங்க எவ்வளவு நல்லா எழுதிக் குடுத்திருந்தீங்க."

"பரவாயில்லைங்க," என்றேன்.

அவளை நான் மன்னித்து அனுப்பினேன். நான், அவளை.

நான் எழுதிக் கொடுத்திருந்தது இவ்வளவுதான்: 'பொருத்திய நிலையில் கண்ட வரை குறையில்லை.' தெரு முழுக்க எல்லோரும் எழுதுகிற வரி. சட்டப்படி அதில் ஒரு ஓட்டையும் கிடையாது.

பூபத்பாய் மோதிரத்தை எடுத்துப் பெட்டியில் வைக்கப் போனார். லுட்கார்ட் மேடம் எழுந்துவிட்டார்.

"பூபத்பாய், உட்காருங்க. சின்னப் பொண்ணு. பாறை, மண்ணுன்னு நாலு வருஷம் படிச்ச திமிரு. உங்க விலை உங்க விலைதான்." கையை நீட்டினார். "மஸல்."

பூபத்பாய் ஒரு கணம் தயங்கினார். பிறகு கையைப் பற்றினார். "மஸல், லுட்கார்ட்பென்."

பென் என்றால் அவர் மொழியில் சகோதரி. மஸல் என்றால் அதிர்ஷ்டம். யூதர்கள் கொண்டுவந்த சொல். குஜராத்தியும் ஆர்மீனியனும் ஃபிளெமிஷ் பேசும் எங்கள் ஊர்க்காரர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். கை குலுக்கிச் சொல்லிவிட்டால் கல் கை மாறிவிட்டது. கையெழுத்து வேண்டாம், சாட்சி வேண்டாம். பின்வாங்க முடியாது.

"மேடம், நீங்க இன்னும் பார்க்கவே இல்ல," என்றேன்.

"இப்ப கழட்டுங்க," என்றார் பூபத்பாய். விற்றாகிவிட்டது, இனி அதில் அவமானமில்லை. "பொண்ணு ஆசை தீரப் பார்க்கட்டும்."

மாடியிலிருந்து, எங்களுக்குக் கல் பொருத்தித் தரும் கராபெட் குறடோடு வந்தார். இரண்டு நிமிட வேலை. கொக்கி விலகியதும் மேடம் பார்த்தார், பூபத்பாய் பார்த்தார். விரிசல் இறகு மாதிரி முனைவரை ஓடியிருந்தது. நுனியில் சர்க்கரைத் துணுக்கு அளவுக்குக் கல்லே இல்லை.

பூபத்பாய் வெகுநேரம் லென்ஸை இறக்கவில்லை. "எனக்குத் தெரியாது, லுட்கார்ட்பென். மோதிரமாத்தான் என் கைக்கு வந்துது. மஸலை விட்டுடுவோம். நான் எடுத்துட்டுப் போறேன்."

"சொன்னது சொன்னதுதான்."

"இது நமக்குள்ளதானே. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும். ஒரு பொம்பளை சொல்ற மஸலை இந்தத் தெரு நம்பறதுக்கு இருபது வருஷம் ஆச்சு பாய். வேணாம்."

பூபத்பாய் போகும்போது என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மேடமும் கத்தவில்லை. "நீ கேட்காம இருந்திருந்தா நான் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டேன்."

உண்மை. எங்களுக்குள் ஒரு வழி இருந்தது. 'வெளிச்சம் பத்தல, மதியம் பார்க்கலாம்' என்று நான் சொன்னால் போதும், மேடம் வாங்கமாட்டார், வந்தவர் மனமும் நோகாது. நான்கு வருடத்தில் அறுபது தடவை சொல்லியிருப்பேன். இன்று அது நாக்கில் வந்தது, விழுங்கினேன். அன்னிக்கிடம் சொல்ல வேண்டியதை இந்த மனிதரிடம் கொட்டினேன். அவரோ ஒன்றும் அறியாதவர்.

"கராபெட் திரும்பப் பொருத்திடுவார்," என்றார் மேடம். "வெள்ளிக்கிழமை ஹாசெல்ட்லேர்ந்து ஒரு கல்யாண ஜோடி மோதிரம் வாங்க வருது. நீ அறிக்கை எழுதிடு."

"என்னன்னு?"

"எப்பவும் எழுதறதுதான்."

"முனையைத் திரும்பப் பட்டை தீட்டலாமே."

"தீட்டினா மூணு காரட்டுக்குக் கீழ இறங்கிடும். அப்புறம் அது வேற விலை, வேற கல்லு. எழுது. அதுல என்ன பொய் இருக்கு?"

"பொருத்தாத நிலையில இப்பப் பார்த்துட்டேனே, மேடம்."

அவர் அறிக்கைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். நான் வேலை தேடி அலைந்தபோது பதினோரு அலுவலகத்தில் அப்பா யார் என்று கேட்டார்கள். ஹோபோக்கனில் உலைத் தொழிலாளி என்றதும் விண்ணப்பத்தை மூடினார்கள். மேடம் மட்டும் முப்பது கல்லை முன்னால் கொட்டி, நிறவாரியாகப் பிரி என்றார். முடித்ததும், "உன் டிகிரி எனக்கு வேணாம், இந்தக் கண்ணு வேணும்," என்றார். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அன்று அம்மாவுக்கு போன் செய்து அழுதேன்.

தாளை எடுத்து எழுதினேன். முனையில் உடைசல், மேற்பரப்பை எட்டிய விரிசல், பொருத்தாத நிலையில் கண்டது. பெயர், தேதி, கையெழுத்து. கல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இதைக் கிழிக்க எனக்கு ஒரு நொடி போதும், யோலீன்."

"தெரியும். ஆனா வேற எதுலயும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். இன்னிக்கு மட்டும் இல்ல."

லென்ஸையும் சாவியையும் மேசையில் வைத்தேன். கோட்டை மாட்டிக்கொண்டேன். எங்கள் அலுவலகத்துக்கு இரண்டு கதவுகள். முதலாவது மூடினால்தான் இரண்டாவது திறக்கும், அதற்குப் பொத்தான் மேடத்தின் மேசையடியில். முதல் கதவு மூடியது. கண்ணாடி வழியாக அவர் என்னைப் பார்த்தபடி இருந்தார், கை மேசைக்கடியில். மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. கையெழுத்துக்காக அல்ல, சொல்லாமல் விழுங்கிய அந்த 'வெளிச்சம் பத்தல'வுக்காக. ஒன்றுக்குக் கேட்டால் இரண்டுக்கும் சேர்த்துக் கேட்டதாகிவிடும். கேட்காமலே கதவில் கை வைத்தேன்.

கதவு விடுபட்டது. தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கினேன்.