பாலத்தோரம் முளைத்த மலை

கண்ணுகளா, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். வயிறு குலுங்கச் சிரிக்கவும் நெஞ்சு நிமிரவும் ஒரு கதை வைத்திருக்கிறேன்.

தையல்காரி ஒருத்தி, வேலை ஓய்ந்ததும் தையல் மேசையிலேயே காகிதத்தை விரித்து ஊர்க் காட்சிகளை நீர்வண்ணத்தில் தீட்டுவாள். ஊரைச் சுற்றி வந்து வரைய நேரம் ஏது? லாரி ஓட்டும் புருஷன் போகிற வழியில் போனில் பிடித்து வருகிற படங்கள்தான் அவளுக்கு ஊர்.

நூலகத்தின் வாசிப்பறைச் சுவருக்கு ஊர்ப்படம் ஒன்று கேட்டிருந்தார்கள். முன்பு இரண்டு தடவை அவள் படம் போன வேகத்தில் திரும்பி வந்திருந்தது. இந்தத் தடவை விட்டேனா பார் என்று ஆற்றுப்பாலத்தை வரைந்து முடித்தாள். சாயங்காலத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

நாத்தனார் வந்து பார்த்தாள். "பாலம் அப்படியே இருக்கு அண்ணி. பக்கத்துல மலை எப்ப முளைச்சுது?"

"போட்டோவுல இருக்கே."

வீட்டிலிருந்த புருஷனையும் கூப்பிட்டு, மூன்று பேரும் போனைக் குனிந்து பார்த்தார்கள். ஓரத்தில் மங்கலாக ஒரு பழுப்புக் குன்று. புருஷன் அதைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான், பிடரியைச் சொறிந்தான்.

"அது மலை இல்ல. என் கட்டைவிரல்."

நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நகத்தைக்கூட விடலியே அண்ணி. உச்சியில பாறையாக்கி வச்சிருக்கீங்க."

தையல்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு நல்ல தாள் கையில் இல்லை. நீர்வண்ணத்தில் மேலே பூசி மறைக்கவும் முடியாது. அடியில் இருப்பது எட்டிப் பார்க்கும்.

"ஓரத்தைக் கத்தரிச்சிட்டா?" என்றான் புருஷன்.

"பாதிப் பாலமும் போயிடும். நீங்க சும்மா இருங்க."

சுத்தமான தூரிகையைத் தண்ணீரில் நனைத்து மலையை மெல்லத் தேய்த்தாள். பருத்தித் துணியால் ஒற்றினாள். வண்ணம் துணிக்கு வந்தது. மறுபடி தேய்த்தாள். தாளில் பிசிறு கிளம்பியதும் நிறுத்தினாள். மலை போய்விட்டது, ஆனால் கன்றிப்போன தோல் மாதிரி ஒரு கறை தங்கிவிட்டது.

அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதன் அடி விளிம்பை நனைத்து, தாளைச் சாய்த்துப் பிடித்தாள். வண்ணம் இழை இழையாக ஆற்றின் மேல் இறங்கியது. கறை கருக்கல் மேகமானது; அதன் கீழே மழை.

நாத்தனாரின் சிரிப்பு அடங்கிப்போனது. "அண்ணி, பாலம் நனையுது," என்றாள்.

நூலகத்து அம்மா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். "பாலத்தை நிறைய பேர் வரைஞ்சு குடுத்திருக்காங்க. மழை வாசம் இதுலதான் வருது," என்று சொல்லி, அவளே ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினாள். உள்ளே வருகிறவரையெல்லாம் நாத்தனார் மறித்து, "எங்க அண்ணி வரைஞ்சது," என்றாள். தையல்காரி வாசிப்பறை நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டு, ராணி மாதிரி உட்கார்ந்தாள்.

உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல், பிள்ளைகள் முகம் வாடாமல், தொட்டதெல்லாம் துலங்கி நன்றாக இருங்கள் கண்ணுகளா.