தூரம்

...இல்லை, இப்பப் போக வேண்டாம், இப்பத்தானே போயிட்டு வந்தேன், அதுக்குள்ள மறுபடியும் அடிவயித்துல முட்டுது, சனியன், நெசமா முட்டுதா பொய்யா முட்டுதான்னு எனக்கே தெரியலை, போய்க் குந்தினா ஒரு சொட்டு வராது, போகாட்டி உக்காந்த எடத்துலயே... சீ! எதுக்க நெற்குப்பை நீலாயதாட்சி ஆச்சி, எம்மக மீனாளைத் தன் மகனுக்குப் பாக்க வந்தவுக, பொண்ணை விட்டுட்டு என்னையவே பாக்குறாக. கக்கூஸோ ரெண்டு கட்டு தாண்டி, கிணத்தடிக்கும் அங்குட்டு. பர்மாத் தேக்குல இம்புட்டுத் தூணு நிறுத்தி இந்த வீட்டைக் கட்டினவுக, கிட்டத்துல அது ஒண்ணைக் கட்டினா என்னவாம்! பயந்துக்கிட்டு நேத்துலருந்து பச்சத்தண்ணி குடிக்கலை, வயிறு கல்லாக் கட்டிக்கிச்சு, அது தனி வம்பு, எப்ப அவுந்துக்குமோ. நரம்பு மேல இருக்குற உறை கெட்டுப்போச்சு, மூளை சொல்றது கீழ போய்ச் சேரலைன்னாரு மதுரை டாக்டர், இங்கிலீசுல நீளமா ஒரு பேரும் சொன்னாரு. வெளிய வந்ததும் எங்க வீட்டுக்காரவுக, மீனாளுக்குக் கல்யாணம் முடியுற வரைக்கும் மூச்சு விடாதே, சீக்குக்காரி மகளை எவன் கட்டுவான்னாக. அம்புட்டுத்தான். வேற ஒண்ணும் கேக்கலை.

தை மாசம் வச்சுக்குவோமான்னு நீலாயதாட்சி ஆச்சி பேசிக்கிட்டே இருக்காக, ஐயோ, இது பொய்யில்லை, தொடையில சூடா... எந்திரிச்சேன், கால் மரத்துப்போய்த் தூணைப் பிடிச்சேன். "அடிக்கடி எங்க போறீக ஆச்சி?"ன்னு கேட்டாக. எந்தப் பொம்பளையும் மேக்கொண்டு கேக்காத ஒரு சொல்லு இருக்கே, அதைச் சொல்லிட்டேன். "காலையிலருந்து நான் தூரம் ஆச்சி, அதான்..." கிணத்தடி வந்தப்பத்தான் நினைப்பு வந்துச்சு. அடிப் பாவி, அவுக வந்ததும் வராததுமா குங்குமம் எடுத்துக் குடுத்தது இந்தக் கைதானே! சாமி வீட்டுல விளக்கேத்தினதும் இதே கை. வீட்டு விலக்கானவ குங்குமச் சிமிழைத் தொட்டா எந்த ஆச்சி பொண்ணெடுப்பா? சீக்கை மறைக்கப் போய் சம்பந்தத்தையே கெடுத்துட்டேனே. கக்கூஸுல குந்தியிருக்கேன், பாதி சேலையில போனது போக மிச்சம் வருவேனாங்குது. வெளிய காலடிச் சத்தம். மீனாளா?

"ஆச்சி, வாளியில தண்ணி வச்சிருக்கேன்." நீலாயதாட்சி ஆச்சிதான். "தூரமானவுக குங்குமம் குடுப்பாகளா? எனக்கே காது குத்துறீகளே." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எம்புட்டு நாளா இருக்கு இந்தச் செரமம்?"

பரிவாக் கேக்குறாகளா, துப்பு விசாரிக்கிறாகளா... சொன்னா எம்மக சம்பந்தம் போயிரும், சொல்லாதே, சொல்லாதே... ஆனா இத்தனை நாளா இந்தக் கேள்வியை ஒரு உசுரும் எங்கிட்டக் கேக்கலையே. தாழ்ப்பாள்ல கை வச்சேன். வாயைத் திறந்தா என்ன வரும், பொய்யா, நெசமா, அழுகையா... அதுவும் எங்கையில இல்லை.