கால் நனையாத சாம்பியன்

கையில் ஒரு பிடி பச்சைப் புல்லைப் பிடுங்கி வைத்துக்கொண்டு சொல்கிறேன்: இனி நான் எழுதப்போகும் ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. பொய் என்றால் என் மாடுகள் ஒன்றுவிடாமல் சாகட்டும். என்னிடம் மாடு இல்லை என்பது வேறு விஷயம். சத்தியம் சத்தியம்தான்.

கிப்யாட்டோர் லெலெய் எங்கள் நாண்டி மலைக்காரன். அவன் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் அவன் மாடுகள், இந்தப் பக்கம் என் சோளம். அவன் உலகமெல்லாம் போய் மெடல்களாக அள்ளிக்கொண்டு வந்தது பிற்பாடு நடந்தது. அதற்கு முன் அவன் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வேறு எந்த நாட்டில் பிறந்திருந்தாலும் அவனுக்குச் சிலை வைத்திருப்பார்கள். எங்கள் மலையிலோ, காலை நேரத்தில் ரோட்டில் ஒருவன் நடந்து போனால் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள். அத்தனை பேரும் ஓடுகிறவர்கள். கிப்யாட்டோர் மாதாகோயில் விளையாட்டு விழாவிலேயே பாதிரியாரின் சமையல்காரனிடம் தோற்றவன். தேசிய அணித் தேர்வுக்கு இரண்டு வருஷம் போனான். பத்தாயிரம் மீட்டரில் இரண்டு தடவையும் நாலாவதாக வந்தான். அணிக்கு எடுப்பது மூன்று பேரை. இந்த வருஷமும் இடம் கிடைக்கவில்லை என்றால் ஓட்டத்தை விட்டுவிட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகவேண்டியதுதான் என்று அவன் அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

அவனுடைய கோச் அரப் மாய்யோ ஒரு வழி சொன்னார். ஸ்டீப்பிள்சேஸில் சேர வேண்டும். சுற்றுக்குச் சுற்று கட்டைகளையும் ஒரு தண்ணீர்க் குழியையும் தாண்டி ஓடும் ஓட்டம் அது. பெயர் கொடுக்கிறவர்கள் கொஞ்சம் குறைவு. நல்ல யோசனைதான். ஆனால் கிப்யாட்டோர் தவளைக் குலத்துக்காரன்.

எங்களில் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு பிராணி சொந்தம். அதற்கு யாரும் தீங்கு செய்யக்கூடாது. எனக்குத் தேனீ. அது என்னைக் கொட்டினால் நான்தான் மன்னிப்புக் கேட்பேன். மாகாண மைதானத்துத் தண்ணீர்க் குழியில் மழைக்காலத்தில் இந்த மலையில் உள்ள தவளைகள் அத்தனையும் வந்து குடியிருக்கும். மற்றவர்கள் கட்டை மேல் ஒரு காலை ஊன்றிக் குழியின் ஓரத்துத் தண்ணீரில் இன்னொரு காலை வைத்துப் போய்விடுவார்கள். கிப்யாட்டோர் எங்கே கால் வைப்பான்?

“தவளை தானா விலகிக்கும்டா” என்றார் மாய்யோ.

“விலகலேன்னா?”

“விலகலேன்னா மிதி. ஒரு தவளைதானே.”

“கோச், உங்க சித்தப்பா ரோட்டுல படுத்திருந்தா மிதிச்சிட்டுப் போவீங்களா?”

மாய்யோ யோசித்தார். அவருடைய சித்தப்பா அடிக்கடி ரோட்டில் படுத்திருக்கிறவர். கடைசியில், “சரி, அப்போ குழியை முழுசாத் தாண்டு” என்றார்.

அதை மனிதர்கள் செய்வதில்லை. கிப்யாட்டோர் மறுநாளே செய்ய ஆரம்பித்தான். தினமும் விடிந்ததும் மாடுகளை ஓட்டிக்கொண்டு கிமோன்டி ஆற்றுக்குப் போவான். முதலில் ஆறு குறுகலான இடத்தில் தாண்டினான். தாண்டினான் என்றா சொன்னேன், விழுந்தான். விழுந்தபோதெல்லாம் தண்ணீருக்குள் இருந்தபடியே சொந்தக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டான். முழங்காலில் தோல் போனது, குதிகால் வெடித்தது. ஆனாலும் ஒரு நாள்கூட வீட்டில் இருந்ததில்லை. மழை ஓய்வதற்குள் ஆற்றின் நடுத்தரமான இடங்களைச் சாதாரணமாகத் தாண்டத் தொடங்கினான். மிக அகலமான இடத்தை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு என்று வைத்துக்கொண்டான். கோயிலிலிருந்து திரும்புகிறவர்கள் பார்க்க ஆசைப்பட்டார்கள்.

இதில் எனக்குத்தான் நஷ்டம். தினமும் அவனைப் பார்த்துப் பார்த்து மாடுகளும் கற்றுக்கொண்டன. வேலி என்பதற்கே அர்த்தம் இல்லாமல் போயிற்று. ஒரு நாள் காலையில் அவனுடைய தலைப்பசு என் வேலியைத் தாண்டிச் சோளத்துக்குள் வந்து இறங்கியது. நியாயம் கேட்க அவன் அம்மா தப்சுபெய்யைக் கூட்டிக்கொண்டு வந்தேன். நான் சொன்னதையெல்லாம் அவள் பொறுமையாகக் கேட்டாள். அதற்குள் பசு முன்னங்காலை நீட்டி, பின்னங்காலை மடக்கி, முறை தவறாமல் திரும்பித் தாண்டிப் போயிற்று.

“பின்னங்கால் இன்னும் கொஞ்சம் மடங்கணும்” என்று சொல்லிவிட்டு அவளும் போய்விட்டாள்.

தேர்வு நாள் வந்தது. நான் மாகாண மைதானத்தில், தண்ணீர்க் குழிக்கு நேர் எதிரே புல்லில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். எல்லோரும் ஜெயிப்பான் என்று நினைத்தது எசெக்கியல் பூங்கெய் என்பவனை. யானைக் குலம், ஆளும் அதற்கேற்றபடி. அவன் வரிசையில் நின்றுகொண்டே, “உன் சொந்தக்காரங்க எல்லாம் வந்துட்டாங்க போலிருக்கு, குழியில இடமே இல்ல” என்று கிண்டல் பண்ணினான்.

“உங்க ஆளுங்க வரலியேன்னு சந்தோஷப்படு. வந்திருந்தா மைதானமே இருக்காது” என்றான் கிப்யாட்டோர்.

துப்பாக்கி வெடித்தது. மற்றவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் கட்டை மேல் கால் வைத்து, தண்ணீரில் சளக்கென்று இறங்கிச் சுலபமாகப் போனார்கள். கிப்யாட்டோர் ஒவ்வொரு தடவையும் முழுக் குழியையும் பறந்து தாண்டி, உலர்ந்த தரையில் போய் இறங்கினான். அதற்கு ஆன பலம் அவன் முகத்தில் தெரிந்தது. போகப் போக உதடு வெளுத்தது. ஆனால் முன்வரிசையை விடவில்லை. கடைசிச் சுற்றில் பூங்கெய் முதல், கெய்யோ மலைப் பக்கத்து ஒல்லிப் பையன் இரண்டாவது, கிப்யாட்டோர் மூன்றாவது. கடைசித் தடவையாகத் தண்ணீர்க் குழிக்கு வந்தான், எம்பினான்.

நடு வானத்தில்தான் பார்த்தான். நல்ல வயதான, கனத்த தவளை ஒன்று குழியை விட்டு ஏறி வந்து, அவன் இறங்க வேண்டிய அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. பின்னால் தண்ணீர் முழுக்கச் சின்னத் தவளைகள். முன்னால் பெரியவர். எனவே அவன் இறங்கவில்லை.

பெரியவர்களைப் பார்த்தால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும். எடுத்த எடுப்பில் நகரச் சொல்வது எங்கள் பக்கத்தில் கிடையாது. அவன் மேலிருந்தபடியே, “சம்கெய், பெரியப்பா” என்று வணக்கம் சொன்னான். மழை எப்படி என்று கேட்டான். வீட்டில் பிள்ளைகள் சுகமா என்று கேட்டான். தவளை பதில் சொன்னதா என்றால், தவளை பேசாது. நான் பொய் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு கேள்விக்கும் நிதானமாகத் தலையை ஆட்டியது, அவ்வளவுதான்.

இதற்குள் நாலாவது ஆள் அவனுக்குக் கீழே புகுந்து போனான். ஐந்தாவது ஆளும் போனான். ஆறாவது ஆளும் ஏழாவது ஆளும் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். என் பக்கத்தில் டீ விற்றவள் ஒரு கோப்பையை நிரப்பி, சர்க்கரை போட்டு, கலக்கி என் கையில் கொடுத்தாள். அவன் இன்னும் மேலேதான் இருந்தான்.

“டேய், இறங்குடா” என்று கத்தினார் மாய்யோ.

“பெரியவர் இன்னும் முடிக்கலை, கோச்.”

கடைசியில் மரியாதைக்கு வேண்டியதெல்லாம் முடிந்தபின் அவன் தன் விஷயத்துக்கு வந்தான். “பெரியப்பா, இன்னிக்கு நான் தோத்தா நாளைலேருந்து தேயிலை பறிக்கணும். கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா?”

தவளை அவனை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு உடம்பை முழுசாகத் திருப்பி, ஒரு குதி குதித்து ஒதுங்கியது. கிப்யாட்டோர் இறங்கினான். கால் நனையவில்லை.

மீதி இருந்தது ஒரே ஒரு கட்டையும் நேர்ப்பாதையும்தான். அவன் அதுவரை ஓடியதெல்லாம் ஓட்டமே இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கையை வீசவில்லை, வாயைத் திறக்கவில்லை. கண்ணைக் கோட்டில் வைத்தான், எடுக்கவில்லை. கட்டைக்கு முன்னால் ஒருவனைத் தாண்டினான், கட்டைக்கு மேலேயே இன்னொருவனைத் தாண்டினான். அதற்கடுத்தவன் பயத்திலேயே ஒதுங்கினான். அதற்குள் களைத்து மூன்றாவது இடத்துக்கு இறங்கியிருந்த பூங்கெய், யார் வருவது என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். திரும்பிய தலை நேராவதற்குள் ஒரு தோள் அவனை உரசிக்கொண்டு போயிற்று.

முதலாவதாக வந்தான் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் சத்தியம் செய்திருக்கிறேன். மூன்றாவது. பூங்கெய் நாலாவது.

பூங்கெய் புகார் கொடுத்தான். நடுவர்கள் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார்கள். கட்டையைச் சுற்றிக்கொண்டு போவதற்குத் தடை இருந்தது, அடுத்தவனைத் தள்ளுவதற்குத் தடை இருந்தது. வானத்தில் இருப்பதற்குத் தடை இல்லை. தரையில் கால் வைக்காதவனை எந்த விதியில் பிடிப்பது என்று தலைமை நடுவர் கேட்டார். அணிப் பட்டியலில் மூன்றாவது பெயராகக் கிப்யாட்டோர் லெலெய் என்று ஒலிபெருக்கியில் வாசித்தபோது அவன் அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அதன்பிறகு அந்த வீட்டில் தேயிலை என்ற பேச்சு, டீ போடும்போது தவிர, எழவில்லை.

பிறகு அவன் ஜெயித்ததெல்லாம் ஊருக்கே தெரியும். தடை ஓட்டத்தில் ஜெயித்தான், அலுத்ததும் பத்தாயிரத்தில் ஜெயித்தான், கால் கனத்ததும் நெடுஞ்சாலை ஓட்டங்களில் ஜெயித்தான். வெளிநாட்டுக் குழிகளில் தவளையே கிடையாது, அடியில் நீலப் பெயிண்ட் மட்டும். இருந்தாலும் ஒரு தடவைகூட அவன் ஷூ நனைந்ததில்லை.

எங்கள் மாகாண மைதானத்தில் தண்ணீர்க் குழி தோண்டியது, கிப்யாட்டோர் ஓட்டத்தை விட்ட மறுவருஷம். நல்லவேளை, என்னிடம் மாடு இல்லை.