ரொட்டி டப்பாவில் பசைத்தடம்

மருத்துவமனைச் சமையலறையின் பண்டக அறைச் சாவி அன்று காலை மேலாளரின் மேசையில் கிடந்தது. பதினோரு வருடம் அவள் கணவரின் இடுப்பில் தொங்கிய சாவி. அவர் இறந்தபின் எட்டு மாதமாக யார் யாரோ கையில் அலைந்துவிட்டு, இன்று ஒருவரிடம் நிலையாகச் சேரப் போகிறது. சரக்குப் பட்டியலெல்லாம் ஆங்கிலத்தில் வருவதால், பொருள்களின் பெயரை ஆங்கிலத்தில் சரியாகச் சொல்லிக் காட்டுபவருக்கே வேலை.

"அண்ணி, பரீட்சைக்குப் போறீங்களா, பல்லு பிடுங்கப் போறீங்களா? மூஞ்சியப் பாரு!" என்றாள் கேரட் நறுக்கிக்கொண்டிருந்த நாத்தனார்.

"சும்மா இருடி. தப்பாச் சொல்லிடுவேனோன்னு இருக்கு."

"அதெப்படி? எங்கண்ணன் வீடு பூரா ஒட்டி வச்சது வீணாப் போயிடுமா?"

ஒட்டித்தான் வைத்திருந்தார். சிவப்புத் தாளைத் துண்டு துண்டாக வெட்டி, எண்ணக்கூடிய பொருளிலெல்லாம் ஒன்று. கப், கரண்டி, நாற்காலி. சிவப்பு இருந்தால், ஒற்றைப் பொருளைச் சொல்லும்போது முன்னால் ஆங்கில 'எ' (a) போட வேண்டும். சர்க்கரை, மாவு, உப்பு டப்பாக்களில் ஒன்றும் கிடையாது.

"கை எண்ணப் போனா போடு. அளக்கப் போனா விட்டுடு. இவ்வளவுதான் இங்கிலீஷு!" என்றவர், மிஞ்சிய துண்டைத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டார். "நானும் எண்ணிக்கையில உண்டு. ஒண்ணே ஒண்ணு, பத்திரமா வச்சுக்க."

மேலாளர் அவளைப் பண்டக அறைக்கே கூட்டிப் போனார். "நான் தொடறத ஒவ்வொண்ணா இங்கிலீஷ்ல சொல்லுங்கம்மா. ஒரு தப்ப மன்னிக்கலாம். ரெண்டாச்சுன்னா டிரைவரக் கூப்பிட வேண்டியதுதான்."

வாசலில், அதே வேலையைக் கேட்டு வந்திருந்த ஆம்புலன்ஸ் டிரைவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

தட்டு. "எ பிளேட்." உப்பு. "சால்ட்." முட்டை. "ஆன் எக்!" நாக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. உடம்பெல்லாம் சூடேற, மேலாளர் தொடுவதற்குள் சொன்னாள். அந்த அவசரத்தில் எண்ணெய்க்கும் ஒரு 'எ' போட்டுவிட்டாள்.

"ஒண்ணு," என்றார் மேலாளர். டிரைவர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

அடுத்து மேலாளரின் கை ரொட்டி மேல் விழுந்தது. அவள் விரல்கள் தாமாகவே மடங்கின. இந்தச் சமையலறையில் ரொட்டியை யாரும் எடை போட்டதில்லை, வார்டுக்கு நாற்பது என்று எண்ணித்தான் கொடுப்பார்கள். 'எ' என்று வாய் திறக்கப் போனபோது வீட்டு ரொட்டி டப்பா கண்ணில் வந்து நின்றது.

அதிலும் கணவர் சிவப்பு ஒட்டியிருந்தார். மறுநாளே முகம் தொங்கிப்போய் வந்து நகத்தால் சுரண்டினார். "தலைமை நர்ஸ் சிரிச்சுட்டாங்க. ரொட்டிக்குக் கிடையாதாம்." பாதித் தாள் வந்தது, பாதி பசையாகவே நின்றது. டப்பாவை நாசமாக்கிவிட்டீர்களே என்று அவள் இரண்டு நாள் சண்டை பிடித்தாள். நார் போட்டுத் தேய்த்தும் அந்தத் தடம் போகவில்லை.

"பிரெட்," என்றாள். வெறும் பிரெட்.

மேலாளர் சிரித்தார். "எல்லாரும் இங்கதாம்மா விழுவாங்க." இன்னும் நான்கு பொருள். நான்கும் சரி.

சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள்.

"என்னாச்சு அண்ணி?"

"உங்கண்ணன் பண்ணின தப்புல நான் பாஸ் பண்ணிட்டேன்டி!"

நாத்தனார் போட்ட கூச்சலில் கேரட்டெல்லாம் தரையில் உருண்டது. "என்ன தப்பு? சொல்லுங்க அண்ணி, என்ன தப்பு?"

"சாயங்காலம் வீட்டுக்கு வா, டப்பாவக் காட்டறேன்," என்றபடி சாவியை இடுப்பில் செருகினாள். "இப்ப முதல்ல வார்டுக்கு ரொட்டி எண்ணணும்."