இன்னும் சொல்லவில்லை

...பெரிய டாக்டர் காப்பி குடித்து முடித்ததும் போய்ச் சொல்லிவிட வேண்டியதுதான், காப்பிக்கு முன்னால் போனால் எரிந்து விழுவார், காப்பிக்குப் பின்னால் என்றால் உட்காருங்கள் என்பார், உட்கார்ந்துவிட்டால் பேச்சு நீளும், அதனால் நின்றபடியே சொல்லிவிடுவது நல்லது, சார், இந்த மாதத்தோடு நான் நின்றுகொள்கிறேன்... நின்றுகொள்கிறேன் என்ற வார்த்தையே ஒரு மாதிரியாக இருக்கிறது, இத்தனை நாள் ஓடிக்கொண்டிருந்தவள் மாதிரி, அவள் எங்கே ஓடினாள், இந்த எக்ஸ்ரே அறையில் மேசைக்கும் கண்ணாடித் தடுப்புக்கும் நடுவே நடந்ததுதான், பலகையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவர்களின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளியதுதான், "மோவாயை மேல வைங்க, மூச்சை நல்லா இழுங்க, பிடிங்க, அசையாதீங்க," தடுப்புக்குப் பின்னால் வந்து பொத்தான், "விடுங்க." இதோ இந்தப் பெரியவரும் மூச்சை விட்டார், விட்டதும் திரும்பி, தினமும் யாராவது ஒருவர் கேட்பதைக் கேட்டார், "டாக்டரம்மா, நெஞ்சுல ஒண்ணும் இல்லையே?" நான் டாக்டர் இல்லைங்க, படம் எடுக்கிறவ, டாக்டர் பார்த்துச் சொல்வார் என்று அவளும் தினமும் சொல்வதைச் சொன்னாள், அவர் சட்டையை மாட்டிக்கொண்டபோது ஒரு பொத்தான் தாண்டிப் போட்டிருந்தார், அதை அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள். இதெல்லாம் இனிமேல் வேண்டியதில்லை. ஒரு மனிதரின் சட்டைப் பொத்தானைப் பற்றி அவள் கவலைப்பட வேண்டியதில்லை, எழுந்ததும் பஸ்ஸுக்குப் பறக்க வேண்டியதில்லை, வேண்டியதில்லை, வேண்டியதில்லை... அப்படியானால் வேண்டியது என்ன?

வேண்டியதில்லை என்று முதலில் சொன்னவர் சித்தியின் வக்கீல்தான். "இனிமே நீங்க வேலைக்குப் போகணும்னு அவசியமே இல்லம்மா," என்றார், சொல்லிவிட்டு, சித்தி அவள் பேருக்கு எழுதிவைத்ததாக ஒரு தொகையைச் சொன்னார், அவளும் இவரும், அவளுடைய வீட்டுக்காரர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள், அடக்க முடியாத சிரிப்பு, சித்தி போய் இன்னும் ஈரம் காயவில்லை, வக்கீல் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். சித்தி என்றால் அம்மாவின் தங்கை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஒரு செருப்புக்கடை வைத்திருந்தாள், சொந்தக்காரர்களுக்கு அவள் 'செருப்புக்கடை சித்தி', அதற்குமேல் அவளைப் பற்றிப் பேச யாருக்கும் ஒன்றும் இருந்ததில்லை. யாராவது கடைக்குள் வந்தால் சித்தி மண்டியிட்டு உட்கார்ந்து அவர்கள் காலைத் தன் மடிக்கு இழுத்து, கட்டைவிரலை அமுக்கிப் பார்த்து, "இங்க இடிக்குதா?" என்பாள், கடைசி வாரம் வரைக்கும் அப்படித்தான் உட்கார்ந்தாள், அந்தத் தெருவில் பாதி அவளுடையது என்று வக்கீல் காகிதத்தைப் பிரித்தபோதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. தெருவில் பாதியை வைத்துக்கொண்டு எதற்காக ஊரார் காலைப் பிடித்தாய் சித்தி? கஞ்சத்தனம் என்றார் ஒரு மாமா, அது இல்லை, கஞ்சத்தனம் பிடித்தவள் இவளுக்கு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் புது ஜோடி அனுப்பியிருப்பாளா, அதுவும் ஒருதரம்கூட இடிக்காத ஜோடி. பயமா, மறந்துபோனாளா, இல்லை, அவளுக்கு ஒருநாளும் அது ஒரு கேள்வியாகவே தோன்றவில்லையா...

"இடுப்பு ஒண்ணு, முதுகு ரெண்டு," என்று கதவைத் தள்ளிக்கொண்டு தலையை நீட்டினான் வானொலி. வாசலில் சீட்டு வாங்கி ஆட்களை உள்ளே அனுப்புகிற பையன், பையன் என்ன பையன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், வாய் மூடாதவன் என்பதால் ஆஸ்பத்திரி முழுக்க வானொலிதான். "மேடம், பெரிய டாக்டர்கிட்ட நீங்க பேசணும்னு சொன்னதைச் சொல்லிட்டேன், என்ன விஷயம்னு கேட்டார், எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன், எனக்குத் தெரியாதுன்னு நான் சொன்னதே அவருக்கு ஆச்சரியமாப் போச்சு." போடா, இடுப்பை வரச் சொல் என்றாள், சிரிப்பு வந்தது, இவனை விட்டுவிட்டுப் போய் வீட்டில் யாருடைய வாயைக் கேட்பது, இவர் பேசவே மாட்டாரே, லிஃப்ட் மெக்கானிக், வாழ்நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டு வேலை பார்த்தவருக்குப் பேச்சு எங்கிருந்து வரும். அவரைத்தான் முதலில் வேலையை விட்டு நிற்கச் சொன்னாள். முதுகுவலிக்காரர், ராத்திரி புரண்டு படுக்கும்போது ஒரு முனகல், அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கே முதுகு வலித்தது, "நீங்க முதல்ல நில்லுங்க, நான் பின்னாடியே வந்துடறேன், அப்புறம் ரெண்டு பேரும் ஜாலியா இருக்கலாம்," என்று அவள்தான் சொன்னாள், அவள் வாயால் சொன்னாள், அவரும் மறுபேச்சில்லாமல் மறுநாளே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அவள்? மாற்றுக்கு ஆள் வரட்டும் என்றாள், வந்தது, புது மெஷினைப் பழக்கிவிட்டு வருகிறேன் என்றாள், பழகிவிட்டார்கள், அப்புறம் சாக்குக்கே பஞ்சமாகிப்போய்ச் சும்மா போய்க்கொண்டிருக்கிறாள். "உனக்கு என்னம்மா தலையெழுத்து, ராணி மாதிரி வீட்ல உக்காரேன்," என்கிறாள் மகள், போனில், வேலை பார்க்கிற ஊரிலிருந்து. ராணிகள் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வார்கள், அதையும் சொன்னால் தேவலை.

பாவம், அவரைத் தனியாக விட்டுவிட்டு... வீட்டில் இருக்கிற எல்லாக் கதவுக்கும் எண்ணெய் போட்டார், சுவரில் இடிக்காமல் இருக்க ரப்பர் வைத்தார், இப்போது எந்தக் கதவும் வாயைத் திறப்பதில்லை, அவரும் திறப்பதில்லை, அவள் உள்ளே வருவதும் தெரிவதில்லை, அவர் பின்னால் வந்து நிற்பதும் தெரிவதில்லை, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தூக்கிவாரிப்போட்டு நிற்பதே வேலையாகிவிட்டது. சாயங்காலம் பஸ் நிறுத்தத்துக்கு வந்து நிற்கிறார், பையை வாங்கிக்கொள்கிறார், இன்னிக்கு என்ன செஞ்சீங்க என்றால், "நடந்தேன், பேப்பர் படிச்சேன், கொஞ்சம் தூங்கினேன்," அவ்வளவுதான், நேற்றும் அதே, முந்தாநாளும் அதே, ஒரு மனுஷனை வெறும் வீட்டில் உட்காரவைத்துவிட்டு நீ இங்கே இடுப்பு ஒண்ணு முதுகு ரெண்டு என்று... "திரும்பிப் படுங்கம்மா, முட்டியை மடக்குங்க, வலிக்குதா, கொஞ்சம்தான், இதோ ஆச்சு." ஒருமுறை லீவு போட்டுவிட்டு இருவரும் கடற்கரை ஓரமாக ஒரு பெரிய ஹோட்டலுக்குப் போனார்களே, ஜன்னலைத் திறந்தால் கடல், அவர் கடலைப் பார்த்தாரா, லிஃப்டில் ஏறினால் இறங்க மாட்டார், காதைச் சுவரில் வைத்துக்கொண்டு, "மூணாவது மாடியில ஒரு உதறல் இருக்கு பாரு," என்பார். அவளோ மணலில் நடக்கிறவர்களை எல்லாம் பார்த்து, அந்த அம்மாவுக்கு இடது இடுப்பு தேய்ந்திருக்கிறது, இந்த ஆளுக்குக் கணுக்கால் எப்போதோ உடைந்து கோணலாகச் சேர்ந்திருக்கிறது என்று... கடைசி நாள் சாப்பாட்டு மேசையில் அவர் சொன்னார், "நல்லா இருந்துச்சு, இல்ல?" அவளும் நல்லாத்தான் இருந்தது என்றாள், பொய்யும் இல்லை, அவரோடு எங்கே போனாலும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது ஊர் நெருங்க நெருங்க இரண்டு பேருக்கும் முகம் தெளிந்ததே, அதை அவரும் கவனித்திருப்பாரோ? போதும். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். வாக்குக் கொடுத்தது வாக்குக் கொடுத்ததுதான்.

முதுகு ரெண்டும் முடிந்தது, காப்பி வாசனை நடைவழியில் வந்தது, கையைக் கழுவிக்கொண்டு கிளம்பலாம் என்று குழாயைத் திறந்தாள், அதற்குள் வானொலி மறுபடியும், ஆனால் இந்தத் தடவை முழு உடம்போடு உள்ளே வந்து, கதவைப் பின்னால் சாத்தி, அவனுக்கே பழக்கமில்லாத மெல்லிய குரலில், "மேடம், ஒரு விரல். பதறாதீங்க. விரல்தான். ஆனா விரல்... உங்க வீட்டுக்காரருது," என்றான். கையில் சோப்பு நுரையோடு நடைவழிக்கு ஓடினாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், வலது நடுவிரலில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு தடித்த ஆள், அவர் இவளைவிடப் பதறிப்போய், "ஒண்ணுமில்லம்மா, மாஸ்டர் பயப்படவே இல்ல, நான்தான் பயந்துட்டேன்," என்றார். மாஸ்டரா? யார் மாஸ்டர்? "உள்ள வாங்க," என்றாள், இவரை மட்டும், தடித்த ஆளை வானொலி பிடித்துக்கொண்டான், பிடித்துக்கொண்டவன் இனி அவருடைய ஜாதகத்தையே வாங்கிவிடுவான், கவலையில்லை. நாற்காலியில் உட்காரவைத்து எக்ஸ்ரே படாமலிருக்க ஈயத் துணியை மடியில் போர்த்தினாள், விரலில் சுற்றியிருந்ததைப் பிரித்தாள், நுனி வீங்கி, நகம் கருத்து... "என்னங்க ஆச்சு?"

"கதவுல நசுங்கிடுச்சு."

"எந்தக் கதவு?"

"நம்ம வீட்டுக் கதவுதான்."

நம் வீட்டில் நசுக்குகிற கதவு ஏது, எல்லாவற்றுக்கும்தான் ரப்பர் வைத்தாயிற்றே... கையைப் படம் எடுக்கிற தட்டின்மேல் விரித்து வைத்தாள், அப்போதுதான் பார்த்தாள், நகக் கண்களில் கருப்பு, ரேகைகளில் எல்லாம் மசி, வார்னிஷ் வாசனை, இது நடந்து பேப்பர் படித்துத் தூங்குகிறவர் கை இல்லையே, இது பழைய கை, கல்யாணமான புதிதில் சோற்றுத் தட்டின்மேல் வருவதற்கு முன்னால் ஒரு மண்ணெண்ணெய்த் துணியும் இரண்டு சோப்பும் கேட்ட கை. "அசையாதீங்க," என்றாள், தடுப்புக்குப் பின்னால் போனாள், கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டு திட்டு வாங்கப்போகிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார், பொத்தானை அழுத்த மறந்துபோய் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை நாளாக? முதுகு? ஐயோ அந்த முதுகு... ஆனால் முனகல் கேட்டு எவ்வளவு காலமாயிற்று, ஓய்வெடுத்ததால் சரியாகிவிட்டது என்றல்லவா அவள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள், குழியில் தொங்காமல் ஸ்டூலில் உட்கார்ந்து செய்கிற வேலையாக இருக்கும். அழுத்தினாள். திரையில் கை வந்தது, சதையும் மசியும் போய் வெள்ளை வெளேரென்று, நடுவிரல் நுனி எலும்பில் தலைமுடி மாதிரி ஒரு கோடு.

"விரிசல்தான்னு நினைக்கிறேன், விலகல. டாக்டர் பார்த்துச் சொல்வார். கட்டு போட்டு ஆடாம வெச்சிருக்கணும்."

"எத்தனை நாள் வேலை செய்யக் கூடாது?" என்று கேட்டார், கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவளுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை, "எந்த வேலை? பேப்பர் படிக்கிறதா?" என்றாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், சந்தைக்குப் பின்னால் ஒரு மோட்டார் ரிப்பேர் கடை, வெளியே நிற்கிறாரே அவருடையதுதான், நடந்துபோகும்போது ஒருநாள் நின்று பார்த்தாராம், அந்த ஆள் சுருளைத் தப்பாகச் சுற்றிக்கொண்டிருந்தாராம், பார்த்துக்கொண்டு சும்மா வர முடியவில்லையாம், அவ்வளவுதான், சம்பளமெல்லாம் இல்லை, டீ வாங்கித் தருவார், இன்றைக்கு ஒரு மோட்டாரை இறக்கி வைக்கும்போது விரல் அடியில் மாட்டிக்கொண்டதாம். "அடப்பாவி மனுஷா, என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"நீ ஆசை ஆசையா நிக்கச் சொன்ன. எனக்கு ஓய்வு குடுத்துட்டோம்னு எவ்வளவு சந்தோஷப்பட்ட. அதை எப்படித் திருப்பிக் குடுக்கிறது?" என்றார். "நீ எப்ப வேலையை விட்டுட்டு வந்தாலும், அன்னிக்கே கடைக்குப் போறதை நிறுத்திடணும்னுதான் இருந்தேன்."

"வேற ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே?"

"அவரும் அதான் சொன்னார், பக்கத்துலயே ஒண்ணு இருக்குன்னு. நீ இங்க இருக்கறப்ப வேற யாரோ என் கையைப் படம் எடுக்கிறதாவது..." என்றார், என்னமோ அவள் கேட்டது நடத்தையைப் பற்றிய கேள்வி மாதிரி. பிறகு, மெதுவாக, "பெரிய டாக்டர்கிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் சொல்லல."

அவர் தோள் இறங்கியது, அவள் பார்த்துவிட்டாள், தோள்களைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவளுக்கு அது தெரியாதா, பயந்துகொண்டிருந்த தோள் இறங்குவது எப்படியென்று... சுருக்கென்றது. அப்படியானால் நான் வீட்டுக்கு வந்துவிடக் கூடாது என்றுதானா இத்தனை நாள்... சரி, நீ மட்டும் என்ன, மாற்று ஆள், புது மெஷின் என்று வண்டி வண்டியாகச் சாக்குச் சொன்னவள் யார், அவர் கேட்கவில்லையே, நான் வீட்டில் இருக்கிறேனே, உனக்கு வரப் பிடிக்கவில்லையா என்று. அப்போது கதவு திறந்தது, பெரிய டாக்டரேதான், காப்பிக் கோப்பை கையிலேயே இருந்தது, "என்கிட்ட ஏதோ பேசணும்னீங்களாமே?" இவர் சட்டென்று விரலைத் தூக்கி அதி முக்கியமான பொருளைப் போல ஆராய ஆரம்பித்தார். "மத்தியானம் வரேன் சார், இப்ப ஒரு விரல்," என்றாள். டாக்டர் திரையைப் பார்த்தார், விரிசல்தான் என்றார், கட்டு அறைக்கு அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார்.

"மத்தியானம் என்ன சொல்லப்போற?"

"தெரியல," என்றாள், நிஜமாகவே தெரியவில்லை, கட்டு அறைக்கு அழைத்துப்போக வேண்டும், அதற்கு முன்னால் ஈரப் பஞ்சை எடுத்து அடிபடாத விரல்களின் மசியை ஒவ்வொன்றாகத் துடைத்தாள், அவர் காட்டினார். இந்த வேலை உனக்குப் பிடித்திருக்கிறதா என்று யாராவது எப்போதாவது அவளைக் கேட்டிருக்கிறார்களா, அவள்தான் கேட்டுக்கொண்டாளா, வாடகை இருந்தது, மகள் படிப்பு இருந்தது, பிடித்தால் என்ன பிடிக்காவிட்டால் என்ன, போய்த்தானே ஆகவேண்டும், போய்த்தானே ஆகவேண்டும் என்பது போன பிறகு அந்தக் கேள்வி மட்டும் வெறும் வீட்டில் உட்கார்ந்திருக்கிறது... இவர் விஷயமும் அப்படித்தானே, பெரியவர்கள் பேசினார்கள், கல்யாணம் நடந்தது, ஒரு வீடு, ஒரு பிள்ளை, பிடித்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள யாருக்கு நேரம் இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பெஞ்சில் இந்த மனுஷர் மசிக் கையோடு உட்கார்ந்திருந்தாரே, அப்போது, பயத்துக்கும் முந்தி ஒன்று நெஞ்சில் முட்டிக்கொண்டு வந்ததே, கேள்வியே இல்லாமல் வந்த பதில் அது, இவர் விஷயத்தில் அது வந்துவிட்டது, சந்தேகமில்லை. மற்றதற்கு, இந்த வேலைக்கு? அதற்கும் பதில் எப்போதோ வந்து நின்று, இவள் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் பார்க்காமல்... "வலிக்குதா?" என்றாள். "இல்ல, துடை," என்றார். கதவுக்கு வெளியே வானொலி அடுத்து ஒரு முழங்கால் காத்திருப்பதாகக் குரல் கொடுத்தான், இதோ என்றாள், ஆனால் அந்தக் கையை விடாமல் இன்னும் கொஞ்சம் துடைத்துக்கொண்டிருந்தாள்.