நடுத்தெருவில் ஒரு பட்டறை

அந்த வீட்டில் அண்ணனுக்கு மேயர் என்று பெயர். யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. தெருக் கட்டும் ஆட்டத்தில் அவனை ஒருவரும் ஜெயித்ததில்லை, அதனால் வந்த பட்டம். வீடு, கடை, பள்ளிக்கூடம், பூங்கா என்று சின்னச் சின்ன அட்டைகளை மேஜையில் அடுக்கி ஆளுக்கொரு தெரு கட்ட வேண்டும். எதன் பக்கத்தில் எது இருக்கிறது என்பதைப் பொறுத்துப் புள்ளி ஏறும், இறங்கும். தான் ஆடுவதோடு விட்டால் தேவலை. அடுத்தவர் கையில் இருக்கும் அட்டைக்கும் யோசனை சொல்லி உயிரை வாங்குவான். கேட்காதவர்களிடம் இன்னும் உரக்கச் சொல்வான்.

தங்கைக்கு ஸ்பேனர் என்று பெயர். பைக் மெக்கானிக். ஊரின் இன்னொரு கோடியில் யாருடைய கொட்டகையிலோ வேலை பார்க்கிறாள். வண்டிகள் வருவது அவள் கைராசிக்கு. பெயர்ப்பலகை மட்டும் முதலாளியுடையது. சொந்தமாகப் பட்டறை போட அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அப்பாவும் அம்மாவும் விட்டுப்போன வீட்டின் முன்னறை. தெருவைப் பார்த்த அகலக் கதவு. வண்டியை அப்படியே உள்ளே உருட்டிக்கொண்டு வரலாம். ஆனால் அந்த அறையில் இப்போது குடியிருப்பவை மேயரின் ஆட்டப் பெட்டிகள், அலமாரி அலமாரியாக. ஒரு வருஷமாகக் கேட்டுப் பார்த்துவிட்டாள். கெஞ்சியும் பார்த்துவிட்டாள். "குடும்பம் இருக்கிற வீட்டுல கிரீஸும் புகையுமா?" என்று ஒரே வரியில் வாயை அடைத்துவிடுவான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேயருக்கு என்ன தோன்றியதோ, அட்டைகளைக் கலைத்தபடியே அறிவித்தான்.

"இன்னிக்கு நீ ஜெயிச்சா முன்னறைய எடுத்துக்கோ. தோத்தா அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. என்ன சொல்ற?"

ஸ்பேனர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அண்ணியும் உட்கார்ந்தாள். அண்ணி பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேஜையில் இருப்பவள். வலியோடு வந்து கத்துகிறவர்களிடமே முகம் சுளிக்காதவள், புருஷனிடமா சுளிக்கப் போகிறாள்?

ஆட்டம் தொடங்கியதும் யோசனைகளும் தொடங்கின. "கடைய மூலையில வை, ரெண்டு பக்கத்துலேர்ந்தும் புள்ளி வரும்." "பள்ளிக்கூடத்த இப்பவே இறக்காத, சுத்தி வீடு சேரட்டும்." "பூங்காவ ஓரத்துல வச்சு வீணாக்காதடீ!" வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவன் சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது. அறைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு அவன் சொன்னபடியே வைத்தாள். புள்ளி மளமளவென்று ஏறியது.

பிறகு அவள் கைக்குப் பட்டறை அட்டை வந்தது. யாரையும் கேட்காமல் அதை வீடுகளுக்கு நட்டநடுவில் வைத்தாள். மேயர் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"சுத்தி இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் உனக்குப் புள்ளி குறையும்! புத்தி இருக்கா உனக்கு?"

"இருக்கட்டும்" என்றாள்.

கடைசிச் சுற்றில் ஒரே ஒரு அட்டையை இடம் மாற்றிக்கொள்ளலாம் என்பது விதி. மேயர் அவள் தெருவை எட்டிப் பார்த்தான். அவனுக்கு வாய் சும்மா இருக்குமா?

"பட்டறைய எடுத்துத் தெருக்கோடியில போடு. அந்த இடத்துல உன் கையில இருக்கிற பூங்காவ வை. என்னையே ஜெயிச்சிடுவ!"

அவள் மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். உண்மைதான். முன்னறை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பட்டறை அட்டையைத் தூக்கிவிட்டாள்.

"பாத்தியா?" என்று மேயர் அண்ணியின் பக்கம் திரும்பினான். "வீட்டுக்கு நடுவுல பட்டறை ஆகாதுன்னு அவளே ஒத்துக்கிட்டா."

ஸ்பேனரின் கை அப்படியே நின்றது. அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. அறை கிடைக்கும். அதற்குள் பட்டறை வைப்பேன் என்று சொல்லத்தான் வாய் இருக்காது. 'அன்னிக்கு நீயே எடுத்துப் போட்டியே' என்று ஆயுசு பூராவும் சொல்லிக் காட்டுவான். ஆத்திரம் தலைக்கேறியது. எடுத்த அட்டையை எடுத்த இடத்திலேயே டப்பென்று வைத்தாள்.

"தோத்துருவடீ!"

"தோத்துட்டுப் போறேன்."

தோற்றாள். மேயர் புள்ளிகளை ஒன்றுக்கு இரண்டு தடவை வாய்விட்டுக் கூட்டினான். அவன் முடிக்கும்வரை காத்திருந்தவள், எழுந்து முன்னறைக்குப் போய் ஆட்டப் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கூடத்தில் கொண்டுவந்து வைக்க ஆரம்பித்தாள்.

"ஏய், தோத்தது நீ!"

"ஆமா, ஆட்டத்துல தோத்தேன். அறைய வச்சுப் பந்தயம் கட்ட நீ யாரு? வீட்டுல பாதி என்னுது. ஒரு வருஷமா உங்கிட்டப் போய்க் கேட்டேன் பாரு, அதான் நான் பண்ண தப்பு. கேட்டுக் கேட்டே உன்னோடதா ஆக்கிட்டேன். இனிமே கேக்கல, சொல்றேன். நாளைக்கு இங்க வண்டி நிக்கும்."

"நாலு பேரு என்னடீ சொல்லுவாங்க?"

"அந்த நாலு பேரு வண்டியும் ரிப்பேராகும். இங்கயே கொண்டு வரச் சொல்லு."

மேயர் அண்ணியைப் பார்த்தான். அண்ணி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"ஏங்க, அந்த அலமாரிய இன்னொரு பக்கம் பிடிங்க. எங்க ரெண்டு பேரால ஆகாது."

அவன் பிடிக்கவில்லை. அவர்களே தரதரவென்று இழுத்தார்கள். அலமாரிக்குப் பின்னால் இருந்த அந்த அகலக் கதவின் தாழ்ப்பாள் துருவேறி இறுகியிருந்தது. ஸ்பேனர் சுத்தியலை எடுத்து ஓங்கி ஒரு போடு போட்டாள். சத்தம் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று இன்னொரு போடு போட்டாள்.